பந்து உருள எவ்வளவு இடம் வேண்டும்? பிள்ளைகளின் மாலை நேரத்தைத் தெரு தீர்மானிக்கும் விதம்

2025-ஆம் ஆண்டின் நடுவில் சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. தன்னிடம் உள்ள ஒன்பது செயற்கைப்புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது, விளையாட வருகிறவர்களிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்கிக்கொள்வது என்பது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணம் கிடையாது என்று மாநகராட்சி பின்வாங்கியது. செய்தி அதோடு முடிந்துபோனது. ஆனால் அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் ஆடும் சிறுவனுக்கு 3,000 ரூபாய் ஆகியிருக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000. வடசென்னையின் வியாசர்பாடியில் பல வீடுகளின் வாடகையே அந்த அளவில்தான் இருக்கும்.

பிள்ளைகள் ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டால் "ஆர்வம் இல்லை", "போன்தான் காரணம்", "பெற்றோர் விடுவதில்லை" என்று சொல்லிவிடுகிறோம். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் முன்னால் நிற்கும் ஒன்று இருக்கிறது: வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தப் பிள்ளையின் காலடியில் என்ன இருக்கிறது என்பது. இந்தக் கட்டுரை அதை அடிப்படையிலிருந்து பார்க்கிறது. பெரும்பாலும் சென்னையை வைத்தே பேசுகிறேன்; நெருக்கமான எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதலில் சில சொற்கள்

சுற்றுப்புறம்: இங்கே இந்தச் சொல்லுக்கு வார்டு, மண்டலம் என்று பொருள் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பெரியவர் துணையின்றி ஐந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்கு வெளியே எவ்வளவு நல்ல மைதானம் இருந்தாலும், அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம்.

அழைப்பு: ஒரு பொருளோ இடமோ நம்மை ஏதாவது செய்யச் சொல்லித் தூண்டுவது. தாழ்ந்த கிளை ஏறச் சொல்கிறது, வழுவழுப்பான திண்ணை தாயக்கட்டம் வரையச் சொல்கிறது, நீண்ட வெற்றுச் சுவர் பந்தை எறிந்து பிடிக்கச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

அனுமதி எல்லை: பிள்ளை தனியாகப் போய்வர வீட்டில் விடும் தூரம். "தெருமுனை வரைக்கும் போ, மெயின் ரோட்டைத் தாண்டாதே" என்று அம்மா சொல்கிறாரே, அதுதான்.

ஃபின்லாந்து ஆய்வாளர் மார்கெட்டா குட்டா இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்து, சுற்றுப்புறங்களை நான்கு வகையாகப் பிரித்தார். அழைப்பும் உண்டு, அனுமதியும் உண்டு என்றால் அது பிள்ளைகளுக்கு உகந்த ஊர். அனுமதி உண்டு, ஆனால் செய்ய ஒன்றுமில்லை என்றால் பொட்டல். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் முடியாது என்றால் கண்ணாடி வீடு. இரண்டுமே இல்லையென்றால் அது சிறை அறை.

இந்த நான்கில் கண்ணாடி வீட்டைக் கவனிக்க வேண்டும். பத்தாவது மாடி பால்கனியிலிருந்து பூங்காவின் ஊஞ்சல் தெரிகிறது. நடுவில் ஆறு வழிச் சாலை. அந்த வீட்டு விளம்பரத்தில் "பூங்கா அருகில்" என்று போட்டிருப்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பூங்கா எட்டாது.

இடத்தின் அளவே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது

"எங்க பையனுக்குக் கேரம்தான் பிடிக்கும்" என்கிறோம். பிடித்ததா, கிடைத்ததா என்று சற்று அளந்து பார்க்கலாம்.

முழு அளவுக் கால்பந்து மைதானத்துக்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளமும் 64 மீட்டர் அகலமும் வேண்டும். பெண்கள் கபடி ஆடுகளத்துக்கு 12-க்கு 8 மீட்டர் போதும். கேரம் பலகையின் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். நாலு பேர் உட்கார இடமும் மேலே ஒரு பல்பும் இருந்தால் ஆட்டம் நடக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி, பழைய சென்னை மாவட்ட எல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர் வசித்தார்கள். வடசென்னையின் பல பகுதிகள் இதைவிட நெருக்கமானவை. அங்கே கேரம் செழித்ததில் வியப்பில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். திறமை அவருடையது, உழைப்பு அவருடையது. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் கேரம் பலகை இருந்தது அவர் பிறந்த தெருவின் கொடை. அதே பிள்ளை நீச்சல்குளம் பக்கத்தில் இருக்கும் ஊரில் பிறந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

இடம் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்பதில்லை, விதிகளையும் அதுவே எழுதுகிறது. குறுக்குத் தெருவில் நடக்கும் கிரிக்கெட்டைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிதான் ஸ்டம்ப். அதற்குப் பின்னால் மின்வாரியப் பெட்டி இருப்பதால் பின்பக்கம் ரன் கிடையாது. இடதுபக்கக் காம்பவுண்டுச் சுவரில் நேராகப் பட்டால் இரண்டு. வலதுபக்கம் மூன்றாவது வீட்டு கேட்டுக்குள் பந்து போனால் அவுட், அடித்தவனே போய் மணி அடித்துப் பந்தைக் கேட்டு வாங்கிவர வேண்டும். ஒரு பிச் குத்திய பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் அதுவும் அவுட். "வண்டி!" என்று ஒரு குரல் வந்தால் நாற்காலி ஓரம் போகும், வண்டி கடந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். எத்தனையாவது பந்து என்று யாருக்கும் மறக்காது.

இதில் எந்த விதியையும் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுவரோ, ஒரு கேட்டோ, மத்தியானம் தூங்கும் ஒரு தாத்தாவோ இருக்கிறார். பிள்ளைகள் தங்கள் தெருவைப் படித்து, அதோடு பேச்சுவார்த்தை நடத்தி, ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித்தர முடியாத பாடம் இது.

ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்

வண்டிகள் பெருகியதால் தெரு விளையாட்டு போய்விட்டது என்பது பொதுவான பேச்சு. சரிதான், ஆனால் இரண்டு வகை வண்டிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓடும் வண்டிகளைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு 1960-களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் வசித்தவருக்குத் தெருவுக்குள்ளேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவருக்கும் குறைவு. பெரியவர்கள் ஒருவரையொருவர் அறியாத தெருவில் பிள்ளைகளை வெளியே விட யாருக்கும் மனம் வராது. அனுமதி எல்லை சுருங்க விபத்து பயம் மட்டும் காரணம் இல்லை என்பது இதில் தெரிகிறது. "கோடி வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க" என்ற நம்பிக்கையும் சேர்ந்து கரைந்துபோகிறது.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் திடுக்கிட வைக்கும். 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். கைபேசி பிள்ளைகளின் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது.

சரி, நிற்கும் வண்டி? ஓடும் வண்டி ஆட்டத்தைப் பத்து விநாடி நிறுத்துகிறது. நிற்கும் வண்டி ஒரேயடியாக நிறுத்திவிடுகிறது. ஒரு கார் நிறுத்த 2.5-க்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேண்டும். பெண்கள் கபடி ஆடுகளம் 96 சதுர மீட்டர். எட்டு கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு கபடி களம் அடங்கிவிடும். இருபக்கமும் கார் நிறுத்திய தெருவில் இடம் மட்டுமா போகிறது? பந்து பட்டால் கண்ணாடி உடையும், அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பார்கள், வீட்டில் அடி விழும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை யாரும் மட்டையை எடுக்க மாட்டார்கள். ஆட்டம் நின்றுபோனதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

திறந்தவெளி விதி எங்கே ஓட்டையாகிறது

தமிழ்நாட்டில் திறந்தவெளிக்குச் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இது வருகிறது. இப்படி ஒதுக்கும் திறந்தவெளியைப் பேச்சுவழக்கில் ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். சுருக்கம் இதுதான்:

1. மனை 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் பொதுத் திறந்தவெளிக்கு இடம் தர வேண்டியதில்லை.
2. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை ஒப்படைக்க வேண்டும். நிலமாகத் தர முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம்.
3. 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் 10 சதவீதத்தை நிலமாகவே தர வேண்டும்.

முதல் விதியில்தான் கவனம் வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ பதின்மூன்றரை கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). தி.நகர், மயிலாப்பூர், கே.கே.நகர், நங்கநல்லூர் போன்ற இடங்களில் நடக்கும் மறுகட்டுமானம் பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகளில்தான். ஒரு தெருவில் ஒரு கிரவுண்டு வீடுகள் இருபது இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் இடித்து ஆறு ஃபிளாட் கட்டுகிறார்கள். இருபது குடும்பம் இருந்த தெருவில் இப்போது 120 குடும்பம். எந்த மனையும் வரம்பைத் தொடவில்லை, எனவே ஒரு சதுர அடிகூடப் புதிய திறந்தவெளி வரவில்லை. பழைய வீடுகளின் முற்றமும் கொல்லையும் மாமரமும் போய்விட்டன. தரைத்தளம் முழுக்கத் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங். யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆறு மடங்கு பிள்ளைகளுக்கு முன்பைவிடக் குறைந்த இடம், அதுவும் முழுக்கச் சட்டப்படி.

இரண்டாவது விதியும் பிள்ளைகளுக்கு உதவுவதில்லை. கட்டிய பணம் கணக்கில் சேரும். அந்தப் பணத்தில் வேறெங்கோ பூங்கா வந்தாலும், அது இந்தப் பிள்ளையின் பத்து நிமிட வட்டத்துக்குள் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அப்புறம், இருக்கும் பூங்காக்கள். பல பூங்காக்களை நெடுங்காலம் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் மட்டும் திறந்துவந்தார்கள். விடுமுறை நாளின் நடுப்பகல் பூட்டில் போய்விடும். வாசலிலேயே "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகை. நடைபாதை, அலங்காரச் செடி, பெஞ்சு என்று பெரியவர்களின் நடைப்பயிற்சிக்காக அமைத்த இடம் அது. பெரியவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அதை வரைபடத்தில் பச்சையாகக் காட்டி, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கணக்கு எழுதுவதை ஏற்க முடியாது.

தெரு அண்ணன்களும் அக்காக்களும்

சுற்றுப்புறம் என்றால் கல்லும் மண்ணும் மட்டும் இல்லை. யார் ஆடுவதைப் பார்த்து வளர்கிறோம் என்பதும் அதில் அடக்கம்.

வியாசர்பாடியைப் பார்க்கலாம். பெரம்பூர் ரயில்வே பட்டறை, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., பின்னி மில் என்று தொழிலாளர்கள் நிறைந்திருந்த வட்டாரம் அது. ரயில்வே, ஐ.சி.எஃப். அணிகளின் வழியாகக் கால்பந்து இங்கே பழகிய ஆட்டமானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்பதைச் சிறுவர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் நேரில் பார்த்தார்கள். இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் இந்தப் பகுதியில் வளர்ந்தவர். அவர் ஓடிய அதே தரையில் ஓடுகிறோம் என்ற எண்ணம் பத்து வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய உந்துதல்!

கண்ணகி நகரின் கதை வேறு. நகரின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, 2000-ஆம் ஆண்டு முதல் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. இப்படி ஒரு குடும்பத்தை மாற்றும்போது வீடு மாறியதாக மட்டும் கோப்பில் எழுதுகிறார்கள். ஆனால் பிள்ளை தன் முழு விளையாட்டு வரைபடத்தையும் இழக்கிறது. எந்தச் சுவரில் பந்து நன்றாகத் திரும்பும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம், எந்த அண்ணன் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வான் என்ற பல வருட அறிவு ஒரே நாளில் பயனற்றுப்போகிறது. அங்கே புதிதாக ஒன்றை முளைக்கவைக்க நீண்ட காலம் பிடித்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். கால்பந்துக்குக் கிடைக்காத இடத்தில் கபடிக்கு இடம் கிடைத்தது, சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடைத்தார்கள். 96 சதுர மீட்டர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பெண் பிள்ளைகளின் வட்டம் இன்னும் சிறியது

ஒரே தெரு, ஒரே வீடு, அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு அனுமதி எல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் பையனின் வட்டம் விரிகிறது, அதே வயதில் பெண்ணின் வட்டம் மொட்டை மாடிக்குள் சுருங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடல் இயக்கம் வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டுக்கான அதன் உலகளாவிய கணக்கில், 11 முதல் 17 வயதுள்ள பையன்களில் 78 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 85 சதவீதம்.

இதைப் பெற்றோரின் மனப்பான்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இடத்தின் அமைப்புக்கும் பங்கு உண்டு. வியன்னா நகரில் 1990-களில் ஆராய்ந்தபோது, பத்து வயதையொட்டிப் பெண் பிள்ளைகள் பூங்காக்களுக்கு வருவதையே விட்டுவிடுவது தெரிந்தது. ஒற்றைப் பெரிய திடல் இருந்தால், யார் பலசாலிகளோ அவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். 1999 முதல் ஐன்சீட்லர் பூங்கா போன்ற இடங்களில் திடலைப் பிரித்தார்கள், பாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லாமல் தரையை மாற்றி அமைத்ததில் வந்த மாற்றம் இது.

நம் ஊரில் இதோடு விளக்கு, கழிப்பறை, வழியில் இருக்கும் டாஸ்மாக் கடை மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மைதானத்தில் கழிப்பறை இல்லையென்றால் பையன் ஒரு மணி நேரம் சமாளிப்பான். பெண் பிள்ளை வரவே மாட்டாள்.

போன் எந்தப் படியில் வருகிறது

காரணம் எது, விளைவு எது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால்:

1. மனைகள் ஃபிளாட்டுகளாகின்றன. குடும்பங்கள் கூடுகின்றன, காலி இடம் குறைகிறது.
2. வண்டிகள் தெருவை எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருந்த அழைப்புகளும் போகின்றன.
3. தெருவில் பிள்ளைகள் குறையும்போது, வெளியே விடப்படும் ஒரே பிள்ளை தனியாகிவிடுகிறது. தெருநாய், திறந்த வடிகால், தெரியாத மனிதர்கள் என்ற பயம் கூடுகிறது. அனுமதி எல்லை இன்னும் சுருங்குகிறது.
4. அனுமதி சுருங்கியதால் தெருவில் பிள்ளைகள் மேலும் குறைகிறார்கள். இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல்.
5. பிள்ளையின் மாலை காலியாகிறது. அதை நிரப்ப டியூஷன், பணம் உள்ளவருக்குக் கட்டணப் பயிற்சியும், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப்புல் டர்ஃபும், மற்றவருக்குப் போன்.

போன் ஐந்தாவது படியில்தான் வருகிறது. 2020-இல் பள்ளி மூடியபோது பாடத்துக்காக அது வீட்டுக்குள் நுழைந்தது, பிறகு போகவில்லை. அதற்கு இழுக்கும் சக்தி உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நான்கு படிகளைத் தொடாமல் போனை மட்டும் பிடுங்கினால், அந்தப் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

ஐந்தாவது படியில் இன்னொரு பிளவும் இருக்கிறது. தெருவில் ஆடியபோது வக்கீல் மகனும் இஸ்திரி போடுகிறவர் மகனும் ஒரே அணி. டர்ஃபுக்கு மாறியதும் பங்குப் பணம் தர முடிந்தவன் மட்டும் அணியில் இருக்கிறான். 120 ரூபாய்த் தீர்மானம் பிசகியது இந்த இடத்தில்தான். பணம் வாங்காமல் ஆட முடிந்த கடைசி இடங்களில் போய் அது கைவைத்தது.

பத்து நிமிட வட்டத்துக்குள் என்ன செய்யலாம்

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. உரிமை என்று ஒப்புக்கொண்டபின், வசதி இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

பெரிய மைதானங்கள் தேவை. ஆனால் சிறிய, பக்கத்து இடங்களே பிள்ளைகளை முதலில் எட்டுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் சுமார் 700 சிறு விளையாட்டிடங்களை அமைத்தார். பலவும் கட்டடங்களுக்கு நடுவே விடுபட்டுப்போன துண்டு நிலங்கள். ஒரு மணல் தொட்டி, சில கம்பிகள், தாண்டிக் குதிக்கக் கற்கள். 1970-களில் நெதர்லாந்து, இதற்கென வகுத்த வீட்டுத் தெருக்களில் வண்டிகள் நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது.

இங்கே உடனே கைகூடக்கூடியது பள்ளி மைதானம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மாநகராட்சிப் பள்ளிகள் பலவும் குடியிருப்புகளின் நடுவிலேயே இருக்கின்றன, நடந்து போகும் தூரம். மாலையில் பள்ளி விட்டதும் கேட்டில் பூட்டு தொங்குகிறது. மாலை இரண்டு மணி நேரமும் ஞாயிறும் ஒரு காவலாளியோடு திறந்துவைத்தால் போதும், புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் தெருவுக்கான கணக்கை நீங்களே போடலாம். பத்து வயதுப் பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு, வாசலிலிருந்து அருகிலுள்ள காலி இடம்வரை பின்னாலேயே போங்கள். எத்தனை நிமிடம், எத்தனை சாலையைக் கடக்க வேண்டியிருந்தது, எங்கே அவன் கையைப் பிடித்தீர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் கதவு திறந்திருந்ததா, பந்து ஆடலாமா, பெண் பிள்ளைகள் யாராவது இருந்தார்களா, விளக்கு எரிந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓ.எஸ்.ஆர். நிலம் இருந்தால், அதில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். உங்கள் வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.